மருந்துப் பை ஒன்றாக இருக்கட்டும்: முதியோரின் மனநல மருந்துகளும் மருந்தாளுநரின் பணியும்



மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் பல வீட்டுப் பெரியவர்களுக்கானவை. பிரஷருக்கு ஒரு டாக்டர், சுகருக்கு இன்னொருவர், மூட்டு வலிக்கு வேறொருவர் என்று மூன்று நான்கு சீட்டுகளை ஒன்றாகப் பின் போட்டுக் கொடுப்பார்கள். மனநல மருத்துவரின் சீட்டு மட்டும் அந்தக் கட்டில் இருக்காது. கேட்டால், "அது நரம்பு மாத்திரைங்க, அதைத் தனியா வாங்கிக்கிறோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

நோயாளியின் மானம் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் இதனால் வரும் ஆபத்தை நாம் யோசிப்பதில்லை. பிரஷர் மாத்திரையைத் தெருமுனை மெடிக்கலில் வாங்குகிறோம். "நரம்பு மாத்திரையை" யாரும் பார்க்காத தூரத்துக் கடையில் வாங்குகிறோம். அந்தப் பெரியவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தவர் ஊரில் ஒருவர்கூட இல்லை என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. சேர்த்துப் பார்க்கும் படிப்பும் கடமையும் உள்ள ஒருவர் நம் தெருவிலேயே இருக்கிறார். அவர்தான் பதிவு பெற்ற மருந்தாளுநர். அவரை நாம் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மருந்து எத்தனை வழியில் வீட்டுக்குள் வருகிறது?

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வாழும் 68 வயது அம்மா ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக அவருக்கு மனநோய்க்கான சிகிச்சை நடக்கிறது. அந்த மருந்து கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலிருந்தோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ, தனியார் டாக்டரிடமிருந்தோ வருகிறது. பிரஷர், சுகர் மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். முழங்கால் வலிக்கு மகன் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி வருகிறார். இது போதாதென்று சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவமனையின் சூரணமும் அலமாரியில் இருக்கிறது.

நான்கு வழிகளும் நல்ல வழிகளே. ஒவ்வொருவரும் தம் துறைக்கு உரிய மருந்தைச் சரியாகவே தருகிறார்கள். ஆனால் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. தினமும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் உட்கொள்ளும் நிலையை மருத்துவத்தில் பன்மருந்துப் பயன்பாடு என்கிறார்கள். எண்ணிக்கை மட்டுமே தவறாகிவிடாது. சிலருக்கு ஐந்தும் தேவைப்படலாம். தேவையா, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று எவரும் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

வயதானவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

வயது ஏற ஏறச் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. கல்லீரலின் வேலையும் மந்தமாகிறது. நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அதே அளவு எழுபதில் உடலில் தேங்கி நிற்கலாம். டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் முதியவர் உடலில் பல நாட்கள் தங்கிவிடும். மூளையும் இம்மருந்துகளுக்கு முன்பைவிட அதிகம் கட்டுப்படுகிறது. அதனால்தான் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார். மனநோய்க்கான மருந்துகள் சில, படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். பிரஷர் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும்.

சேர்ந்தால் சிக்கல் தரும் சில மருந்துகள்

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இவற்றை அறிந்திருந்தால் மருந்தாளுநரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

லித்தியம்: மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குப் பல ஆண்டுகளாகப் பயன்படும் சிறந்த மருந்து. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பரிசோதிக்கிறார்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், என்லாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும், ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற நீர் மாத்திரையும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. கை நடுக்கம் அதிகமாதல், வாந்தி, பேதி, நடை தள்ளாடுதல், பேச்சு குழறுதல், குழப்பம் ஆகியவை அபாய அறிகுறிகள். இவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரைகள்: செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃபுளுவாக்ஸெடின் போன்றவை பரவலாக எழுதப்படுகின்றன. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் இவற்றோடு வலி மாத்திரையும் சேர்த்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போவது அதன் அடையாளம். முதியவர்களுக்கு, குறிப்பாக நீர் மாத்திரையும் சேர்ந்தால், இரத்தத்தில் உப்பு குறைந்து சோர்வும் குழப்பமும் வரலாம். டிரமடால் என்ற வலி மருந்தை இவற்றோடு சேர்த்தால் வலிப்பு முதலிய கடுமையான விளைவுகள் நேரிடலாம்.

உலர்த்தும் தன்மையுள்ள மருந்துகள்: கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின் ஆகியவை வெவ்வேறு நோய்க்கான மருந்துகள்தாம். ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, ஞாபகக் குழப்பம் என எல்லாமே ஒரே விதமான தொல்லை தருபவை. இரண்டு மூன்று சேர்ந்தால் பெரியவர் நாள் கிழமை மறப்பார், ஆளை மாற்றிப் பேசுவார். "அத்தாவுக்கு வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். மருந்தைச் சரிசெய்தாலே தெளிவடையக்கூடியவரை மறதி நோயாளியாக்கி மூலையில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

காசநோய் மருந்துகள்: 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் நம் பகுதியின் அடையாளம். அங்கு சிகிச்சை பெறும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், பல மனநல மருந்துகளை உடல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். பல ஆண்டுகள் அமைதியாக இருந்தவருக்கு மீண்டும் நோய் தலைதூக்கக் காரணம் அதுவாக இருக்கலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின், சிலருக்கு மனக்குழப்பத்தையே உண்டாக்கும். எனவே மனநல மருந்து சாப்பிடும் விவரத்தைக் காசநோய் டாக்டரிடமும், காசநோய் சிகிச்சையை மனநல டாக்டரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பக்க விளைவுக்கு மேல் இன்னொரு மாத்திரை

மனநோய்க்கு ரிஸ்பெரிடோன் தருகிறார்கள். கை நடுங்குகிறது. நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் சேர்கிறது. அதனால் மலச்சிக்கல் வருகிறது. அதற்கு ஒரு மருந்து. ஞாபகம் குழம்புகிறது. அதற்கு இன்னொரு டாக்டர், இன்னொரு மாத்திரை. முதல் மருந்தின் அளவைக் குறைத்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம் நான்கு மாத்திரைகளாக வளர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு டாக்டரும் தம் முன் சொல்லப்பட்ட தொல்லைக்குச் சரியாகவே எழுதியிருப்பார். சங்கிலி முழுவதையும் பார்த்தவர்தான் இல்லை.

ஒரே மருந்தை இரு பெயர்களில் சாப்பிடுவதும் நடக்கிறது. டோலோ, கால்பால், குரோசின் மூன்றின் உள்ளே இருப்பதும் பாராசிட்டமாலே என்பது பலருக்கும் தெரியும். மனநல மருந்துகளும் அப்படித்தான். அரசு மருத்துவமனை மூலப்பெயரில் தருகிறது, வெளிக்கடை கம்பெனிப் பெயரில் தருகிறது. அட்டை வேறு, நிறம் வேறு என்பதால் பெரியவர் இரண்டையும் விழுங்கிவிடுகிறார். 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளாகத் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. தாராளமாக வாங்கலாம். மாறும்போது பழைய அட்டையை எடுத்துச் சென்று, மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றுதானா என்று மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, பழையதை அலமாரியிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

மருந்தாளுநர் என்பவர் யார்?

கடையில் மாத்திரை எடுத்துத் தரும் எல்லோரும் மருந்தாளுநர் அல்லர். டி.பார்ம், பி.பார்ம் அல்லது 2008இல் நம் நாட்டில் தொடங்கிய ஆறு ஆண்டுப் படிப்பான பார்ம்.டி முடித்து, மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு செய்தவரே மருந்தாளுநர். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை அவருக்கே உண்டு. 2015இல் வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. மருந்தை எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்க விளைவு வரும், வேறு மருந்தோடு ஒத்துப்போகுமா என்று நோயாளிக்கு விளக்குவதையும் அவை மருந்தாளுநரின் பணியாக வகுத்துள்ளன. ஆகவே நாம் கேள்வி கேட்பது தொந்தரவு அன்று, நம் உரிமை.

அல்பிரஸோலாம், டயஸிபாம், சோல்பிடெம், டிரமடால் போன்றவை ஹெச்1 பட்டியலில் உள்ளவை. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதைக் கடைக்காரர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டியோ சீட்டே இல்லாமலோ தூக்க மாத்திரை கேட்கும்போது மருந்தாளுநர் மறுத்தால், அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் நம் பெரியவரைக் காப்பாற்றுகிறார்.

வெளிநாடுகளில் இப்பணி வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2001 முதல், டாக்டரின் பரிந்துரையின் பேரில் மருந்தாளுநர் நோயாளியின் வீட்டுக்கே வந்து எல்லா மருந்துகளையும் ஆராய்ந்து டாக்டருக்கு அறிக்கை தருகிறார். செலவை அரசு ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லா மருந்து' என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்தைத் தொடங்கும்போது, சாப்பிடும்போது, புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, மறுஆய்வின்போது, நிறுத்தும்போது என ஐந்து தருணங்களில் நோயாளி கேள்வி கேட்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. நம் ஊரில் வீட்டுக்கு வரும் ஏற்பாடு இல்லாவிட்டாலும், பையை எடுத்துக்கொண்டு நாம் அவரிடம் போகலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. மருந்தாளுநர் சீட்டை மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது. "இந்த இரண்டும் சேர்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்" என்று சுட்டிக்காட்டுவதே அவர் வேலை. முடிவு டாக்டருடையது.

மறைப்பதால் யாருக்கு நன்மை?

மனநோயை மறைத்ததால் நம் சமுதாயம் கொடுத்த விலை கொஞ்சமன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். அதன் பிறகு சட்டமும் மாறியது, சிகிச்சையும் அருகே வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. மருந்தாளுநரும் நோயாளியின் விவரத்தைப் பிறரிடம் பேசக் கூடாது என்பதே அவர் தொழிலின் ஒழுக்கநெறி. கூட்டம் இருக்கும் மாலை நேரத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் பிற்பகலில் செல்லுங்கள். "கொஞ்சம் தனியாப் பேசணும் சார்" என்றால் போதும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மருந்தாளுநர் ஒருவருக்கு முழுதும் தெரிந்தால் போதும்.

நோன்பு நேரத்தில்

ரமளானில் பெரியவர்கள் பலர் யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அல்லது மூன்று வேளை மருந்தையும் இஃப்தாருக்குப் பின் ஒன்றாக விழுங்குகிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. மனநல மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். தூக்க மாத்திரைகளைப் பல காலம் சாப்பிட்டவர் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். லித்தியம் சாப்பிடுபவருக்கு, நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே இரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும்.

எனவே ஷஅபான் மாதத்திலேயே டாக்டரைப் பாருங்கள். சில மருந்துகளை இரவு ஒரு வேளைக்கோ, ஸஹர், இஃப்தார் என இரு வேளைக்கோ மாற்ற முடியும். சிலருக்கு நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதன் விவரத்தை நம் ஆலிம்களிடம் கேட்டு, பெரியவருக்கு மனவருத்தம் இல்லாமல் எடுத்துச் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு.

கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எந்த விலங்கிலிருந்து எடுத்ததோ என்ற ஐயத்தில் மருந்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மருந்தாளுநரிடம் கேளுங்கள். அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்வார், டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். நீங்களாகவே கேப்சூலைத் திறந்து கொட்டுவதோ, மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிப்பதோ கூடாது. முழு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. வீட்டில் பெரியவர் உட்கொள்ளும் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். "நரம்பு மாத்திரை", சித்த, யூனானி மருந்து, வலி மாத்திரை, சளி மருந்து, கண் சொட்டு எதையும் விடாதீர்கள்.

2. ஒரு தாளில் மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, எந்த நோய்க்கு, எந்த டாக்டர் என ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். எதற்கென்று தெரியாத மருந்தின் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

3. பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கும் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, முடிந்தவரை எல்லா மருந்தையும் அங்கேயே வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதை அங்கேயே வாங்கினாலும், பட்டியலை இவரிடம் காட்டுங்கள்.

4. நான்கு கேள்விகள் கேளுங்கள்: இவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது உண்டா? ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா? விழுவதற்கோ குழப்பத்துக்கோ காரணமாகக்கூடியது எது? இதற்கு ஏதாவது இரத்தப் பரிசோதனை தேவையா?

5. அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் பையோடும் தாளோடும் செல்லுங்கள். அதுவரை எந்த மனநல மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

6. மாத்திரை கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரக்கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி மெடிக்கல்களில் கிடைக்கிறது. பெரியவர் மருந்து சாப்பிட மறுத்தால் அதட்டாமல், என்ன தொல்லை தருகிறது என்று கேளுங்கள். பல நேரம் அந்தப் பதிலில்தான் பக்க விளைவின் துப்பு இருக்கும்.

மனநலம் குறித்த ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நம் அறக்கட்டளையில் மருந்து உதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் இனி மேற்சொன்ன பட்டியலையும் விண்ணப்பத்தோடு இணைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுத இயலாதவர்கள் பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். மனநல மருந்தின் பெயர் அதில் இருப்பதால் யாருடைய உதவியும் குறையாது. அந்தத் தாள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

நம்மை வளர்த்து ஆளாக்கியவர்கள் தள்ளாத வயதில் நம் கையால்தான் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கொடுக்கும் மாத்திரை எதற்கென்று தெரிந்து கொடுப்போம். அவர்களுக்கு வல்ல இறைவன் பூரண நலத்தைத் தந்தருள்வானாக.

வஸ்ஸலாம்.

செயலாளர்